எங்லெண்டரால் பட்ட அடி

பேனாட்டின் மூக்கில் ஐந்து தையல் இருக்கிறது. அந்த மூக்கை உடைத்தது நான்தான் என்று நாற்பத்தொரு பேர் தாங்களாகவே பொலிஸுக்குப் போய் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு மூக்குக்கு நாற்பத்தொரு பேர் என்பது கொஞ்சம் கூடத்தான். ஆனால் கௌரவமான மனிதர்கள் கௌரவத்துக்காகச் செய்த காரியம் அது. குறை சொல்ல நாம் யார்?

சங்கதி இதுதான். ரைன் ஆற்றுக்கு மேற்கே, ஒல்லாந்து எல்லைக்குச் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு சின்ன நகரம். முன்பு அங்கே பிரித்தானியப் படைமுகாம் இருந்தது. படை போய்விட்டது. ஜெர்மன் பெண்களைக் கட்டிக்கொண்ட சில சிப்பாய்களும் அவர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்த சிலரும் மட்டும் போகவில்லை. அவர்கள் கூடிக் கதைக்கவும் தேநீர் குடிக்கவும் என்று கேணல் விக்கம் என்கிற புண்ணியவான் ஒரு செங்கல் வீட்டை எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனார். அதற்குப் பெயர் பிரித்தானிய இல்லம். கீழே மண்டபமும் குசினியும், மேலே இரண்டு அறை வீடு. அந்த மேல்வீட்டில் பேனாட்டும் அவர் மனைவி மக்டலீனும் இருந்தார்கள். பேனாட்தான் இல்லத்தின் ஹவுஸ்மைஸ்டர். குழாய் பூட்டுவது, விளக்கு மாற்றுவது, கூட்டுவது, துடைப்பது எல்லாம் அவர் தலையில். வேலை உள்ளவரைக்கும் வீடு. வேலை போனால் வீடும் போகும்.

ஜெர்மனியில் நோய் வந்தால் மருந்து கிடைக்கும், வேலைக்கு ஆள் தேடி வருவான், ஒரு வீடு மட்டும் கிடைக்காது. மக்டலீனின் தங்கை வெரோனிக்கா நாலு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு பார்க்கப் போகிறார். ஒவ்வொரு வாசலிலும் அறுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே பேனாட் அந்த மேல்வீட்டைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்.

பேனாட் மன்னார் பேசாலையில் பிறந்தவர். ஷெல்லுக்குத் தப்பி லண்டனில் போய் இறங்கினார். அகதி என்று அவரை ஸ்கொட்லாந்துக்கு ஏற்றினார்கள். கிளாஸ்கோவில் நாலு வருடம். பிறகு வேல்ஸில் நியூபோர்ட் பக்கம் கோழி வெட்டும் தொழிற்சாலையில் ஐந்து வருடம். கடைசியாக இங்கிலாந்தில் குரொய்டன். அங்கேதான் மகாராணியின் படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து பாஸ்போர்ட் எடுத்தார். அதில் பிரிட்டிஷ் சிட்டிசன் என்று போட்டிருந்தது. வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மக்டலீனைக் கட்டிக்கொண்டு ஜெர்மனிக்கு வந்தார்.

அந்த நகரத்தில் தமிழரும் இருந்தார்கள். எங்கே கண்டாலும் முதல் கேள்வி, "நீங்கள் எவடம்?" மன்னார் என்று சொன்னால், "ஓ, மன்னாரோ" என்பார்கள். அந்த "ஓ" எத்தனை முழம் நீளும் என்று பேனாட்டுக்கு மனப்பாடம். ஆகவே பிரித்தானிய இல்லத்தில் வேலை கிடைத்த அன்று, இனி இந்தக் கேள்வி இல்லை என்று சந்தோஷப்பட்டார். பாவம் மனுசன்.

கேணலின் விதிகள் கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டபச் சுவரில் தொங்கின. அங்கத்தவர் ஒருவரும் அவற்றை வாசித்ததில்லை. பேனாட் மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் தூசி தட்டுவதால் வாசித்திருந்தார். ஹவுஸ்மைஸ்டரும் ஓர் அங்கத்தவரே என்றது இரண்டாம் விதி. ஆண்டுக்கூட்டத்தில் "நான் பிரித்தானியன்" என்று சொல்ல ஒருவராவது இருக்கும்வரைதான் வீடு இல்லத்துக்குச் சொந்தம், ஒருவரும் இல்லாவிட்டால் பக்கத்து வளவில் இருக்கும் துப்பாக்கி சுடுவோர் சங்கத்துக்கு என்றது நாலாம் விதி. யார் பிரித்தானியர் என்பதைப் பிரித்தானியரே தீர்மானிக்கலாம் என்றது ஐந்தாவது. இல்லத்துக்குள் இன்னோர் அங்கத்தவரின் இரத்தத்தைச் சிந்தியதாக எழுத்தில் ஒப்புக்கொள்பவர் அங்கத்தவர் அல்ல, அன்று அவர் போட்ட வாக்கும் வாக்கல்ல என்றது ஒன்பதாவது. கேணல் பட்டாளத்தை அறிந்தவர்.

ஒன்பதாம் விதியால் இதுவரை ஒருவருக்கும் இடைஞ்சல் வந்ததில்லை. இல்லத்தில் யாருக்குப் பல் போனாலும், மண்டை பிளந்தாலும், "படியில் தடக்கி விழுந்தேன்" என்றுதான் பதிவேட்டில் எழுதுவார்கள். இல்லத்தின் வாசலில் இருந்த படிகள் இரண்டு.

எல்லாம் ஒரு சொல்லில்தான் தொடங்கியது. கோடைவிழாவுக்கு நகரபிதா வந்தார். நல்ல மனுசன். மேடையேறி, "எங்கள் அன்புக்குரிய எங்லெண்டர்களே" என்றார். எங்லெண்டர் என்றால் இங்கிலாந்துக்காரர். ஜெர்மன்காரருக்கு அந்தத் தீவில் பிறந்தவன் எவனும் எங்லெண்டர்தான், மழை எல்லோருக்கும் பெய்கிற மாதிரி. இல்லத்தின் தலைவர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் அசல் இங்கிலாந்துக்காரர். அவர் முன்வரிசையில் இருந்து தலையாட்டிப் புன்னகைத்தார். அந்தப் புன்னகைதான் பிழையாய்ப் போயிற்று. செயலாளர் ஹேமிஷ் மக்காளிஸ்டர், ஸ்கொட்லாந்துக்காரர், கையில் இருந்த பியர்க் கிண்ணத்தை அந்தப் புன்னகையின் நடுவிலேயே விட்டார். இரண்டு பல் போயிற்று. விலக்குப் பிடிக்க இறங்கிய நகரபிதா மேடையோடு சேர்ந்து விழுந்தார். "இது ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் உள்ள பிரச்சினை" என்று ஹேமிஷ் கத்தியதும், பாடகர் குழுத் தலைவி க்வெனித் பிரிட்சர்ட் அம்மையார் எழும்பினார். வேல்ஸ் என்று ஒரு நாடு இருப்பதை இரண்டு பேரும் மறந்துபோனதற்காக, பாட்டுத்தாள் வைக்கும் இரும்புக் கம்பியால் இரண்டு பேரையும் ஒரே சீராக அடித்தார்.

அன்று பதினொரு பேர் படியில் தடக்கி விழுந்தார்கள்.

பேனாட் வாளியும் துணியுமாக இறங்கினார். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்யும் மக்டலீன் மேலேயிருந்து சொன்னார்:

"இஞ்சேருங்கோ, சுடுதண்ணி விட்டுடாதேங்கோ. ரத்தம் உறைஞ்சு பிடிச்சிடும். பச்சைத்தண்ணிதான் வேணும்."

"இதுகள் ஏனப்பா அடிபடுதுகள்? எல்லாம் ஒரே பாஸ்போர்ட் தானே."

"எங்கட சனம் அடிபடேக்க என்ன வேற வேற பாஸ்போர்ட்டே வைச்சிருந்தது?" என்றார் மக்டலீன்.

இனி இப்படி நடக்கக்கூடாது என்று சொல்விளக்கக் குழு ஒன்று அமைத்தார்கள். பிரித்தானியன் என்றால் யார், இங்கிலாந்துக்காரன் என்றால் யார் என்று அமைதியாகப் பேசித் தீர்ப்பது அதன் நோக்கம். முதலில் தலைவர் ஸ்டப்ஸ் எழுந்தார். பல் போன இடத்தால் காற்று வந்தது.

"நான் பிரித்தானியனுக்கும் இங்கிலாந்துக்காரனுக்கும் ஒருநாளும் வித்தியாசம் பார்த்ததில்லை. இரண்டும் ஒன்றுதானே. இதை மற்றவர்களும் ஏற்றுக்கொண்டால் சண்டைக்கு இடமே இல்லை. நாங்கள் ஒருபோதும் எங்களை உயர்த்திப் பேசியதில்லை. உயர்ந்தவர்களுக்கு அது தேவையும் இல்லை."

அடுத்து ஹேமிஷ்:

"ஸ்கொட்லாந்து அடக்கப்பட்ட நாடு. உலகத்தில் பாதியைப் பிடித்து அடக்கிய வேலையில் முக்கால் பங்கை நாங்கள்தான் செய்தோம். கப்பல் எங்கள் கப்பல், எஞ்சினியர் எங்கள் எஞ்சினியர், தோட்டத்துரை எங்கள் ஆள், அவன் கையில் இருந்த பிரம்பும் எங்கள் பிரம்பு. பெயர் மட்டும் இங்கிலாந்துக்கு. இந்த அநீதியை நாங்கள் இனிப் பொறுக்கமாட்டோம்."

கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த பேனாட் நிமிர்ந்து பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பிரிட்சர்ட் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பள்ளிக்கூடத்தில் வேல்ஸ் மொழி பேசியதற்காக என் பாட்டனாருக்குப் பிரம்படி விழுந்தது. அந்த வலி எனக்குத் தெரியும். அதனால்தான் என் பாடகர் குழுவில் வேல்ஸ் மொழியைப் பிழையாக உச்சரிப்பவர்களை நான் அடிக்கிறேன்."

கைதட்டினார்கள். பிறகு, அறிக்கையில் யாருடைய பெயரை முதலில் போடுவது என்ற கேள்வி வந்தது. பேனாட் அடுக்கிய கதிரைகளில் பத்தொன்பது உடைந்தன. சொல்விளக்கக் குழுவின் அறிக்கை ஒரேயொரு வரி: எழுவர் படியில் தடக்கி விழுந்தனர்.

அதற்குப் பிறகு குசினியை மூன்றாகப் பிரித்து நிலத்தில் ஒட்டுநாடா ஒட்டினார்கள். தண்ணீர் கொதிக்கவைக்க மூன்று கேத்தல். ஒருவர் கேத்தலை மற்றவர் தொட்டால் கை முறியும் என்று எழுதி ஒட்டினார்கள், எழுதினபடி முறிந்தது. குளிர்பெட்டியில் வேல்ஸ் பகுதி முழுக்க லீக்ஸ் என்கிற தடித்த வெங்காயத்தாள் அடுக்கிக் கிடந்தது. இவ்வளவு லீக்ஸை இந்த அம்மா எப்போது சமைக்கப் போகிறார் என்று பேனாட் யோசித்தார். லீக்ஸ் வேல்ஸின் தேசியச் சின்னம் என்பதும், உறைந்த லீக்ஸ் பொலிஸ்காரரின் குண்டாந்தடியை விடப் பாரம் என்பதும் அவருக்கு அடுத்த கிழமைதான் தெரிந்தது.

விளையாட்டுப் போட்டி வைத்தால் மனம் ஆறும் என்று யாரோ சொன்னார்கள். முழுமரம் ஒன்றைத் தூக்கி எறிவது ஸ்கொட்லாந்து விளையாட்டு. மரம் எங்கே விழவேண்டும் என்று விதியில் கண்டிப்பாகச் சொல்லவில்லை என்றார் ஹேமிஷ். அது தலைவரின் காரில் விழுந்தது. தலைவர் உள்ளே இருந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். கழுத்தெலும்பு போயிற்று. பதிலுக்கு இங்கிலாந்துப் பகுதி கிரிக்கெட் ஆடியது. பந்து போடவில்லை, மட்டையோடு மட்டும் வந்தார்கள். மக்டலீன் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் இல்லத்துக்காரர் வந்தால் என்ன நடந்தது என்று கேட்பதை நிறுத்தி, "படியா?" என்று மட்டும் கேட்கத் தொடங்கினார்கள்.

இவ்வளவுக்கும் பக்கத்து வளவில் துப்பாக்கி சுடுவோர் சங்கம் அமைதியாக இருந்தது. நூற்றிருபது வருடமாக ஆளுக்கொரு துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கீறல்கூடப் பட்டதில்லை. அதன் தலைவர் ஹெர் யான்ஸன் மெலிந்த மனிதர். ஒவ்வொரு ஆண்டுக்கூட்டத்துக்கும் நாலாம் விதியின்படி சாட்சியாக வருவார். வரும்போது அளவுநாடா ஒன்று கொண்டுவருவார். மண்டபத்தின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு, "பரவாயில்லை, அடுத்த வருடம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அந்த வருட ஆண்டுக்கூட்டம் நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். இல்லத்தின் பெயரை மாற்றுவது என்று தீர்மானம். முன்கூட்டியே எண்ணிப் பார்த்ததில் இங்கிலாந்துக்குப் பதினாலு வாக்கு, ஸ்கொட்லாந்துக்குப் பதினாலு, வேல்ஸுக்குப் பதின்மூன்று. வட அயர்லாந்துக்காரர் ஒருவரும் இருந்தார். "நீர் பிரித்தானியரா?" என்று அவரிடம் கேட்டபோது காரை எடுத்துக்கொண்டு போனவர், இன்னும் வரவில்லை. மிச்சம் ஒரே ஒரு வாக்கு. அது ஹவுஸ்மைஸ்டருடையது.

கூட்டத்துக்கு முதல்நாள் காலையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேல்வீட்டுக்கு ஏறினார்கள்.

"பேனாட், நீர் குரொய்டனில் சத்தியம் செய்தவர். நீர் இங்கிலாந்தின் மைந்தன்" என்று ஸ்டப்ஸ் வலது கையைப் பிடித்தார்.

"கிளாஸ்கோ மழையில் நாலு வருடம் நனைந்தவன் ஸ்கொட்லாந்துக்காரன்" என்று ஹேமிஷ் இடது கையைப் பிடித்தார்.

பிரிட்சர்ட் அம்மையாருக்குக் கை மிச்சமில்லை. "நியூபோர்ட் உம்மை மறக்காது" என்று காலைப் பிடித்தார்.

மூன்று பேரும் அன்பாகத்தான் இழுத்தார்கள். தோள்மூட்டு கழன்றது. மக்டலீன் அகப்பையோடு வந்து மூன்று பேரையும் படியால் இறக்கினார். அவர்கள் உண்மையாகவே படியில் தடக்கி விழுந்தது அன்றைக்கு மட்டும்தான்.

"மூண்டு பேரும் தங்கட ஆள் எண்டு சொல்லுறாங்கள்" என்றார் பேனாட், கையைத் தூக்கிக் கட்டியபடி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"வாக்குக்குச் சொல்லுறாங்கள். நீங்கள் நாளைக்கு வாயைத் திறக்காமல் இருங்கோ. எங்களுக்கு இந்த வீடு நிண்டாப் போதும்."

மறுநாள் கூட்டம் தொடங்கியது. ஹெர் யான்ஸன் ஓரமாக அளவுநாடாவோடு உட்கார்ந்திருந்தார். பேனாட் வேலையுடுப்போடு கதவடியில் நின்றார், பையில் எங்லெண்டரோடு.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். ஜெர்மன் மொழியில் எங்லெண்டர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று இங்கிலாந்துக்காரர் என்று மேலே சொன்னேன். மற்றது ஒரு ஸ்பானர். பிடியைத் திருகினால் வாய் அகலும், மற்றப்பக்கம் திருகினால் ஒடுங்கும். எந்த நட்டுக்கும் பொருந்தும். ஏன் அந்தப் பெயர் வந்தது என்று எனக்குத் தெரியாது. பேனாட்டுடையது ஒரு முழ நீளம், நல்ல உருக்கு.

பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தான் யார் என்று சொல்லவேண்டும். "இங்கிலாந்து" என்றார் ஸ்டப்ஸ். "ஸ்கொட்லாந்து, சாகும்வரை" என்றார் ஹேமிஷ். பிரிட்சர்ட் அம்மையார் வேல்ஸ் மொழியில் சொன்னார். ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனால் பயந்தார்கள். இப்படியே நாற்பத்தொரு பேர். நடுவில் யாரோ யாருடைய மனைவியைப் பற்றியோ ஏதோ சொல்ல, மண்டபத்தின் பின்பக்கம் ஒரு காது கிழிந்தது. அது கணக்கில்லை.

முடிந்ததும் ஹெர் யான்ஸன் எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மன்னிக்கவேண்டும். பிரித்தானியர் என்று ஒருவரும் சொல்லவில்லையே. அப்படியென்றால் நாலாம் விதிப்படி வீடு எங்களுக்கு. திங்கட்கிழமை வந்து பூட்டை மாற்றுகிறோம். மேல்வீட்டில் எங்கள் துப்பாக்கி அலுமாரிகளை வைக்கலாம் என்று நினைக்கிறேன்."

வெரோனிக்கா நிற்கும் வரிசைகள் பேனாட்டின் கண்ணுக்குள் வந்தன. அறுபத்தோராவது ஆளாகத் தானும் மக்டலீனும் நிற்பது தெரிந்தது. நல்ல கையைத் தூக்கினார். தூக்கியது நாட்டுப்பற்றால் அல்ல, வீட்டால்.

"நான் பிரிட்டிஷ்" என்றார்.

உறைந்த லீக்ஸ் ஒன்று யாருடைய கையிலோ இருந்து விழுந்து உருண்டது. தலைவர் ஸ்டப்ஸ் மெதுவாகத் திரும்பினார்.

"அன்புள்ள பேனாட், உம்மீது எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. குழாய்கள் ஒழுகுவதில்லை. ஆனால் பிரித்தானியன் என்பது பாஸ்போர்ட்டில் வருவதல்ல."

"அது இரத்தத்தில் வருவது" என்றார் ஹேமிஷ். இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான் முதல் தடவை.

"ரத்தம் எண்டால் சேர், இந்த மண்டபத்தில உங்கள் எல்லாற்ற ரத்தத்தையும் துடைச்சவன் நான்" என்றார் பேனாட். "ஒரு வித்தியாசமும் காணேல்ல. எல்லாம் பச்சைத்தண்ணியிலதான் போகுது."

பிரிட்சர்ட் அம்மையார் மிக இரக்கமாகக் கேட்டார்: "நீர் உண்மையில் எங்கிருந்து வந்தவர்?"

"குரொய்டன்."

"அதற்கு முதல்?"

"நியூபோர்ட் அம்மா. உங்கட வேல்ஸ்."

"அதற்கு முதல்?"

"கிளாஸ்கோ."

"அதற்கும் முதல்?"

"பேசாலை."

நாற்பத்தொரு பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். "ஓ" என்றார் அம்மையார். அந்த "ஓ"வின் நீளம் பேனாட்டுக்குப் பழக்கமானது. இது அதே "எவடம்?" என்ற கேள்விதான், சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று அவருக்கு விளங்கியது. வெட்கமும் கோபமும் சேர்ந்து காது சூடாகியது.

இந்த மனுசன் பிரித்தானியன் அல்ல என்று உடனே வாக்கெடுக்கவேண்டும் என்றார் ஸ்டப்ஸ். ஹெர் யான்ஸன் மறுபடியும் எழுந்து சுவரில் இருந்த ஐந்தாம் விதியைக் காட்டினார். "மன்னிக்கவேண்டும். யார் பிரித்தானியர் என்று தீர்மானிக்கப் பிரித்தானியருக்கு மட்டும்தான் உரிமை. நீங்கள் யாருமே பிரித்தானியர் இல்லையே. இவர் ஒருவர்தான் வாக்குப் போடலாம்."

மூன்று தலைவர்களும் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்தார்கள். அடிபடாமல் அவ்வளவு கிட்ட நின்றதைப் பேனாட் கண்டதேயில்லை. பிறகு நாற்பத்தொரு பேரும் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, "நாங்கள் பிரித்தானியர்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். கழுத்தெலும்பு உடைந்தவரும் உடைத்தவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பாசத்தோடு வாக்கெடுத்தார்கள். நாற்பத்தொன்றுக்கு ஒன்று. பேனாட் பிரித்தானியன் அல்ல. ஆகவே அங்கத்தவர் அல்ல. ஆகவே ஹவுஸ்மைஸ்டரும் அல்ல.

"வீடு காப்பாற்றப்பட்டது" என்று ஸ்டப்ஸ் அறிவித்தார். "பேனாட், நீர் இம்மாத முடிவுக்குள் மேல்வீட்டைக் காலிசெய்ய வேண்டும். எங்களை ஒற்றுமைப்படுத்தியதற்கு நன்றி."

பேனாட் வாழ்க்கையில் சத்தம் போட்டுப் பேசியவர் அல்ல. கிளாஸ்கோவில் துப்பினார்கள், துடைத்துக்கொண்டு போனார். அன்று போகவில்லை.

"ஒரு நிமிஷத்துக்கு முதல் வரைக்கும் இந்த மண்டபத்தில பிரிட்டிஷ் எண்டு ஒருத்தன் நிண்டவன் எண்டால் அது நான்தான்" என்றார். "என்னை வெளியில போடுறதுக்காகத்தான் நீங்கள் பிரிட்டிஷ் ஆனனீங்கள். நான் போகமாட்டன்." சொல்லிவிட்டு நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றுபட்ட பிரித்தானியா அவர்மேல் விழுந்தது. உறைந்த லீக்ஸ், கிரிக்கெட் மட்டை, பாட்டுத்தாள் கம்பி, மூன்று கேத்தல் எல்லாம் எல்லை மறந்து ஒன்றாக வந்தன. பேனாட்டின் பையில் இருந்த எங்லெண்டர் வெளியே விழுந்தது. ஒரு கை அதை எடுத்தது. யாருடைய கை என்று பேனாட்டுக்குத் தெரியாது. மூக்கில் பட்டது மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ் அதிகாரி லிண்ட்னர் அம்மையார் வாக்குமூலம் எடுக்க வந்தார். பேனாட்டின் மூக்கு முழுக்கப் பஞ்சு. தமிழில் கத்தியால் குத்தினாலும் கள்ளனால் குத்துப்பட்டாலும் ஒரே "ஆல்"தான். ஜெர்மன் மொழியில் ஆயுதத்துக்கு ஒரு சொல், ஆளுக்கு வேறு சொல். எங்லெண்டரால் அடிபட்டேன் என்று தமிழில் நினைத்த பேனாட், ஜெர்மனில் ஆளுக்குரியதைப் போட்டுச் சொல்லிவிட்டார். அதிகாரி குறித்துக்கொண்டார்: தாக்கியவர், ஓர் இங்கிலாந்துக்காரர்.

திங்கட்கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் அது வந்தது. "ஹவுஸ்மைஸ்டரின் மூக்கை உடைத்தார் இங்கிலாந்துக்காரர்."

காலை எட்டரைக்கு ஹேமிஷ் மக்காளிஸ்டர் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குள் வந்தார். முகம் பீட்ரூட் நிறம். "இது பச்சைப் பொய். அடித்தது நான். ஒரு ஸ்கொட்லாந்துக்காரன். எங்கள் உழைப்புக்கெல்லாம் இங்கிலாந்துக்குப் பெயர் போவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்." அவருக்குப் பின்னால் பதின்மூன்று ஸ்கொட்லாந்துக்காரர். ஒருவர் அன்று அடி விழுந்த நேரத்தில் மண்டபத்தின் கக்கூசுக்குள் பூட்டுப்பட்டு இருந்தவர். அவரும் அடித்ததாக எழுதினார்.

ஒன்பது மணிக்கு வேல்ஸ் பாடகர் குழு வந்தது. மூக்கை உடைத்த அடி வேல்ஸ் அடி என்றும், வழக்கம்போலத் தங்களை மறந்துவிட்டார்கள் என்றும் பிரிட்சர்ட் அம்மையார் சொன்னார். வாக்குமூலத்தை வேல்ஸ் மொழியில்தான் தருவேன் என்று அடம்பிடித்தார். பன்னிரண்டு பேர் பின்னால் நின்று ஆமோதித்தார்கள்.

ஸ்டப்ஸ் முதலில் மறுக்கத்தான் வந்தார். வரிசையைப் பார்த்தார். மேசையில் குவிந்த கடதாசிகளைப் பார்த்தார். "அவ்வளவு குறி பார்த்து அடிக்க இவர்களால் முடியுமா? பத்திரிகையில் வந்ததே உண்மை" என்று பேனையை வாங்கினார். மத்தியானத்துக்குள் இங்கிலாந்தின் பதினாலும் வந்துவிட்டன.

இரண்டு நாள் கழித்துப் பேனாட் பஞ்சை எடுத்துவிட்டுப் போய், அது ஆள் அல்ல, சாமான் என்று விளங்கப்படுத்தினார். லிண்ட்னர் அம்மையார் அவரைப் பார்த்தார். பிறகு நாற்பத்தொரு வாக்குமூலங்களையும் பார்த்தார். எங்லெண்டரைப் பொலித்தீன் பையில் போட்டுச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்: எங்லெண்டர், ஒன்று. அந்த வழக்கில் உள்ளே போன ஒரே எங்லெண்டர் அதுதான்.

பேனாட் வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த விதிகளைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வக்கீலிடம் போனார். ஒன்பதாம் விதி. நாற்பத்தொரு பேரும் எழுத்தில் ஒப்புக்கொண்டவர்கள். ஆகவே அங்கத்தவர்கள் அல்ல. அன்று போட்ட வாக்கும் வாக்கல்ல. அன்றைய கூட்டத்தில் பிரித்தானியன் என்று சொல்லி, ஒருவர் மூக்கையும் உடைக்காமல், மிஞ்சியவர் ஒருவர். வக்கீல் இரண்டுதரம் வாசித்துவிட்டுச் சிரித்தார். அன்றே ஹெர் யான்ஸன் வந்து கைகொடுத்து, "பரவாயில்லை, அடுத்த வருடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேல்வீடு நின்றது. கீழ்வீடும் சேர்ந்து வந்தது. மக்டலீன் அன்று ஆட்டிறைச்சி சமைத்தார். சாப்பிடும்போது பேனாட் அடிக்கடி சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய மண்டபம், சனம் இல்லாமல் கிடக்கு" என்றார் மக்டலீன். "நத்தாருக்குப் பாலன் குடில் கட்டி ஒளிவிழா வைக்க எங்கட சனம் இடமில்லாமல் அலையுது. எல்லாரையும் அங்கத்தவராச் சேருங்கோவன்."

பேனாட் தானே இருந்து விண்ணப்பப் படிவம் எழுதினார். பெயருக்கு ஒரு கட்டம், தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு கட்டம். யோசித்து யோசித்து மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். அந்தக் கிழமை பொலிஸார் எங்லெண்டரையும் திருப்பிக் கொடுத்தார்கள். பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்து சனம் வந்து நிறைந்தது. யாழ்ப்பாணத்தார், மன்னாரார், வேலைக்கென்று வந்த இந்தியத் தமிழர் சிலர். தேநீரும் ரோல்ஸும் கைக்குக் கை போயின. ஊர்ச் சனத்தின் சத்தத்தில் பேனாட்டுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மேசைக்கு முதலில் வந்தவர் றெக்ஸ் அண்ணை, கோயிலில் எல்லாவற்றுக்கும் தலைவர். படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதில ஊர் எண்டு ஒரு கட்டம் காணேல்லையே. ஆர் எவடம் எண்டு தெரியாமல் எப்பிடித் தம்பி நிர்வாகம் தெரிவுசெய்யிறது?"

அவருக்குப் பின்னால் நின்ற எஞ்சினியர் கல்யாணசுந்தரம் எட்டிப் பார்த்தார். "ஒரு சின்ன க்ளாரிஃபிகேஷன் சார். இது ஸ்ரீலங்கன் தமிழ் அசோசியேஷனா, இல்ல ஜெனரலா தமிழா?"

"தமிழ் எண்டால் என்ன தம்பி, ஜெனரல்?" என்று திரும்பினார் றெக்ஸ் அண்ணை. கையில் இருந்த கோப்பையை மேசையில் வைக்கவில்லை.

பேனாட் யன்னலால் பார்த்தார். வேலிக்கு அங்கால் ஹெர் யான்ஸன் வந்து நின்றார். மக்டலீன் புருசனின் பைக்குள் கையை விட்டு எங்லெண்டரை எடுத்தார். மேலே கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். திரும்பி இறங்கி வரும்போது ஒரு வாளி பச்சைத்தண்ணீர் கொண்டுவந்தார்.